சாமியைச் சுத்திப் போகும் குழாய்

கஞ்சி ஆறட்டும். சூட்டோட கொண்டு போனா உதட்டை இறுக்கிக்கிடுவாக. ஆறிப்போனாலும் இறுக்கிக்கிடத்தான் போறாக, ஆனா சூடுன்னு ஒரு சாக்கு இருக்கப்பிடாது பாரு, அதுக்காவது ஆறட்டும். எனக்கு ஒண்ணுக்கு முட்டிக்கிட்டு நிக்கு. விடியக்காலம் பக்கத்து வீட்டு மரியபுஷ்பம் அக்காகிட்ட பல்லைக் காட்டி அவ கக்கூஸுக்குப் போயிட்டு வந்ததுதான், அதுக்குப் பெறவு அருள்தாஸ் கொத்தனார் வந்தான், தண்ணி ஊத்திச் சோதிச்சான், இன்னையில இருந்து தாராளமாப் பொழங்கலாம்க்கான்னு சொல்லிட்டு இப்பம் வெளிக் குழாயில கரண்டியையும் மட்டப்பலகையையும் கழுவிக்கிட்டு இருக்கான். பொழங்கலாமாம். நாலு எட்டு வச்சா புதுக் கக்கூஸ், வெள்ளை வெளேர்னு கோப்பை, சுவத்துல எவர்சில்வர் கைப்பிடி, மகன் ஓசூர்ல இருந்து போன்ல சொல்லிச் சொல்லி வாங்க வச்சது. எந்திரிச்சுப் போனா முடிஞ்சுது. போவ மாட்டேன். எனக்கா கட்டுனேன்? ஆருக்குக் கட்டுனேனோ அந்த மனுசன் அந்தா கட்டில்ல சுவத்தப் பாத்துக் கெடக்காக, நான் மட்டும் போய் மகாராணி கணக்கா உக்காரணுமாக்கும். வயிறு வெடிச்சா வெடிக்கட்டும். அடிவயிறு கல்லு மாதிரி இருக்கு, காலை மடிச்சு உக்காந்தா கொஞ்சம் தேவலை, அடுக்களைத் தரை குளுகுளுன்னு இருக்கு, குளிர்ச்சி பட்டா இன்னும் முட்டும், தெரிஞ்சேதான் உக்காந்திருக்கேன். கஞ்சிய ஒரு தடவை கிண்டி விடுவோம்.

ஐப்பசியில விழுந்தாக. குளிச்சிட்டு வந்து துண்டை உதறுனவுக, உதறுன கை அப்படியே தொங்கிப்போய், நிலைப்படியில சாஞ்சு, சாஞ்சபடியே வழுக்கிக் கீழ வந்துட்டாக. நான் என்னமோ துண்டை எடுக்கக் குனியுதாகன்னு நினைச்சேன். அதுக்குப் பெறவு வலது கையும் காலும் இல்ல, பேச்சும் இல்ல. ம், போ, வேண்டாம், அம்புட்டுதான் மிச்சம். இவுக, குழாய் பிட்டர் குத்தாலிங்கம்னா அம்பாசமுத்திரத்துல தெரியாத ஆளு இல்ல, எந்தத் தெருவுல எந்தக் குழாய் எம்புட்டு ஆழத்துல ஓடுதுன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாக, ஊரான் வீட்டுச் சாக்கடையில எல்லாம் தோள் வரைக்கும் கைய விட்டு அடைப்பு எடுத்தவுக, வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கழுவிட்டு அதே கையால சோறு தின்னவுக, ஒரு அருவருப்பு கிடையாது. அந்த மனுசனுக்கு என் கையால கழுவிவிடச் சம்மதிக்கல. ஓட்டை போட்ட நாற்காலி வாங்குனோம், கீழ வாளி. அந்த வாளிய நான் தூக்கும்போதெல்லாம் இடது கையால துண்டை இழுத்து மூஞ்சில போட்டுக்கிடுவாக. பிள்ளைக்குக் கழுவலியா, உங்களுக்குக் கழுவுனா என்னங்கன்னு கேட்டேன். அதைக் கேட்டிருக்கக் கூடாது. பிள்ளைன்னு சொன்னதும் துண்டுக்குள்ள இருந்து ஒரு சத்தம் வந்துது, அழுகையா இருமலான்னு இப்பம் வரை எனக்குத் தெரியாது. அதுக்குப் பெறவு மொதல்ல ராத்திரிச் சாப்பாடு நின்னுது. பசிக்கலன்னு கைய ஆட்டுனாக. காலையில இட்லி மூணு ரெண்டாச்சு, ரெண்டு ஒண்ணாச்சு, பெறவு கஞ்சிதான், அதுவும் நாலு வாய். வியாதி மனுசன், வாய்க்கு ருசி இல்லன்னு நினைச்சு நாரத்தங்காய் என்ன, பொரிச்ச அப்பளம் என்ன, மாத்தி மாத்திக் கொடுத்துப் பாத்தேன் பைத்தியக்காரி. ஒரு நாள் காலையில வாளி காலியா இருந்துது. எடுத்துப் பாத்துட்டு நிமிந்தேன், அவுக மூஞ்சில துண்டு இல்ல. ஒரு தெளிச்சி. என்னத்தையோ ஜெயிச்ச மாதிரி என்னையவே பாத்துக்கிட்டு இருந்தாக. அப்பம்தான் எனக்கு வெளங்குச்சு, எனக்கு வேலை வைக்கப்பிடாதுன்னு சாப்பிடாமக் கெடக்காக. டாக்டர்ட்ட சொன்னேன். இப்படியே போனா உடம்பு தாங்காதும்மா, எப்படியாவது சாப்பிட வைங்கன்னாரு. எப்படியாவதுன்னு ஒரு மருந்து எழுதிக் கொடுத்தா வாங்கிரலாம்.

அதுக்குத்தான் இந்த வேலையையே இழுத்துப் போட்டது. கக்கூஸ் இருந்தது பொறவாசல்ல, துவைக்கிற கல்லு தாண்டி, செப்டிக் டேங்க் ஓரத்துல. அங்கன வரைக்கும் அவுகளால முடியாது. கட்டிலுக்குப் பக்கத்துல சாமான் போட்டு வைக்கிற அறை ஒண்ணு கெடக்கு, அதுக்குள்ள கக்கூஸை மாத்திட்டா என் தோளைப் பிடிச்சு நாலு எட்டு, உள்ள விட்டுக் கதவச் சாத்திட்டு நான் வெளிய நின்னுக்கிடுதேன், கைப்பிடியப் பிடிச்சு உக்காந்து, இடது கையால தண்ணி விட்டு, எல்லாம் அவுகளே. பெறவு ஏன் சாப்பிடாம இருக்கப் போறாக. சமதரையில இழுத்து இழுத்து நடந்திருவாக, காலைத் தூக்கத்தான் முடியாது. காலைத் தூக்கத்தான் முடியாது. இதை எத்தனை பேருகிட்ட என் வாயாலயே சொல்லியிருப்பேன், மரியபுஷ்பம் அக்காகிட்ட, மகன்கிட்ட, கொத்தனார்கிட்டயே சொன்னேன். அவன் வந்து சாக்பீஸால தரையில கோடு போட்டான். சாமான் அறைக்கும் பொறவாசலுக்கும் நடுவுல சாமி ரூம். கோட்டை நேரா சாமி ரூம் வாசப்படி வரைக்கும் இழுத்துட்டு, இப்படியே தரைக்கு அடியில அடிச்சா குட்டையா முடிஞ்சிரும்க்கா, தண்ணி இறங்கி ஓட வாட்டம் தாராளமா இருக்கு, கோப்பையத் தரைமட்டத்துலயே வச்சிரலாம்னான். அப்பம் கட்டில்ல இருந்து குரல் வந்துது. சாமிக்கு அடியில போவக் கூடாது. குழறல்தான், ஆனா முழுசா, ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும், அவுக குரல்லயே. அருள்தாஸ் கையில சாக்பீஸ் அப்படியே நிக்கு. நான் ஓடிப்போய் அவுக தாடையப் பிடிச்சுக்கிட்டு, என்ன சொன்னிய, இன்னொருக்கச் சொல்லுங்கங்கேன், சொல்லுங்கங்கேன், அவுகளுக்கு வேர்த்துப் போச்சு, தலையை மட்டும் ஆட்டுதாக. மகனுக்குப் போன் போட்டு அப்பா பேசிட்டாகடான்னு அழுதேன். என்னம்மா சொன்னாங்கன்னு அவனும் அழுதான். சாமிக்கு அடியில கக்கூஸ் குழாய் போவக் கூடாதுன்னாகடா. அவன் மூக்கை உறிஞ்சுத சத்தம் கேட்டுது. பெறவு, சரிம்மா, அப்பா சொன்னபடியே செஞ்சிருங்கன்னான்.

சுத்திக் கொண்டு போவலாம்க்கான்னான் அருள்தாஸ். வெளிச்சுவரு ஓரமா முடுக்குச் சந்து வழியாக் கொண்டு போய் டேங்கில சேக்கலாம், நீளம் கூடும், ரெண்டு எடத்துல வளைச்சுப் பெண்டு போடணும், அம்புட்டு நீளத்துக்கும் தண்ணி இறங்க வாட்டம் வேணும்லா, தரையக் கொஞ்சம் தூக்கணும். தூக்குன்னேன். என்னத்தைத் தூக்கச் சொல்லுதான், எம்புட்டுத் தூக்கச் சொல்லுதான், ஒண்ணும் கேக்கல. என் காதுல அந்தக் குரல்தான் ஓடிக்கிட்டு இருந்துது. அன்னைக்கு அவன் வீட்டைத் தூக்கணும்னு சொல்லியிருந்தாலும் தூக்குன்னுதான் சொல்லியிருப்பேன். கல்லு மண்ணு கொண்டாந்து கொட்டுனான், திமிசு போட்டு இடிச்சு இறுக்குனான், அதுக்கு மேல கான்கிரீட்டு, நான் டீ போட்டுக் கொண்டு போய்க் கொடுக்கேன், நின்னு பாக்கேன், கதவு நிலைக்கு முன்னால ஒரு படி எழும்புது, பெறவு அதுக்கு மேல ஒண்ணு, பாத்துக்கிட்டே நிக்கேன், கண்ணுக்குள்ள போன எளவு மண்டைக்குள்ள போவல. டைல்ஸ் எந்தக் கலர் போடட்டும்னு கேட்டான், வழுக்காததாப் போடுடேன்னு சொன்னேன். வழுக்காதது. மூணு படி ஏறிப் போற இடத்துக்கு வழுக்காத டைல்ஸ். ராத்திரி அவுக பக்கத்துல உக்காந்து, இன்னும் கொஞ்ச நாளுதான், பெறவு நீங்களே போய்க்கிடலாம், எவ தயவும் வேண்டாம்னு சொல்லுவேன். என்னையப் பாத்துக்கிட்டே இருப்பாக. ஒரு நாள் அந்த நல்ல கையால என் தலையைத் தடவுனாக. சந்தோசப்படுதாகன்னு நினைச்சேன் மூதேவி. பழைய கக்கூஸை இடிச்சுத் தள்ளி அந்தச் செங்கலையும் இதுலதான் போட்டுது. இப்பம் அங்கனயும் இல்ல, இங்கனயும் இல்ல.

இன்னைக்குக் காலையில நானும் அருள்தாஸும் ரெண்டு பக்கமும் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனோம். புது வேட்டி கட்டிவிட்டேன், நல்ல காரியத்துக்குப் போற மாதிரி. சமதரையில நல்லா வந்தாக, சரக் சரக்னு அந்தக் காலை இழுத்துக்கிட்டு. படிகிட்ட வந்ததும் நின்னாக. நல்ல காலை மொதப் படியில வச்சாக, மாப்பிள்ளை வீட்டுக்குள்ள வாற மாதிரி. நான் சிரிச்சேன், சிரிச்சேன் பாரு. மத்தக் காலு வரல. அருள்தாஸ் குனிஞ்சு அந்தக் காலை எடுத்து மேல வச்சான், வச்ச காலு மடங்கிக்கிட்டு வருது, இடுப்பு ஒரு பக்கம் சாயுது, என் தோளு கழண்டு போற மாதிரி இருக்கு, அங்கனயே நிக்கோம் மூணு பேரும், மேலயும் போவ முடியல, கீழயும் இறங்க முடியல. அப்பம் வேட்டி நனைஞ்சுது. படியில ஒழுகி அடுத்த படிக்கு இறங்குச்சு. அருள்தாஸ் மேல வெண்டிலேட்டரப் பாத்துக்கிட்டு நின்னான், அங்கன ஒண்ணும் இல்ல, ஆகாசம்தான் இருக்கு. கட்டில்ல கொண்டு வந்து படுக்க வச்ச பெறவு அவனே ஒரு வாளித் தண்ணியக் கொண்டாந்து படி மேல ஊத்துனான். தண்ணி எங்க தேங்குதுன்னு பாக்கணும்லாக்கா, எப்படியும் ஊத்திப் பாக்கணும்னான். நல்லா இருப்பான். துண்டை மூஞ்சில போடுவாகன்னு நினைச்சேன், போடல. சுவத்தப் பாக்கத் திரும்பிக்கிட்டாக. வேட்டிய மாத்தும்போது இடுப்பெலும்பு என் கையில தட்டுது. தொடை என் கை மொத்தம் கூட இல்ல. இந்த உடம்பு இன்னும் எம்புட்டு நாள் நாலு வாய்க் கஞ்சியில ஓடும். பயமா இருக்கு. வேற என்னத்தைச் சொல்ல, பயமா இருக்கு.

ஆடை கட்டுது கஞ்சி. கிண்டு. கிண்டும்போதுதான் அது மனசுல பட்டுது, இப்பம், இந்த நிமிசம், அடுக்களையில இருந்து பாத்தா சாமி ரூம் தெரியும்லா, கதவு திறந்துதான் கெடக்கு. உள்ள என்ன இருக்கு? முருகன் படம் ஒண்ணு, காந்திமதி அம்மன் படம் ஒண்ணு, மாமனார் படம், குத்துவிளக்கு, விபூதித் தட்டு. மூணு ஆணி. இதைக் கழட்டி ஹால்ல மாட்டுததுக்கு எம்புட்டு நேரம் ஆவும், அரிசி ஒரு கொதி வாறதுக்குள்ள முடிஞ்சிரும். சாமியத் தூக்க எனக்கு ஒத்தைக் கை போதும். இவுகளத் தூக்க நாலு பேரு வேணும். அப்பம் தூக்க முடிஞ்சதைத் தூக்காம, தூக்க முடியாத மனுசனுக்கு முன்னால தரையத் தூக்கியிருக்கேன். சாமிக்கு அடியில போவக் கூடாதுன்னா சாமிய எடுத்து வேற இடத்துல வையுடி, அம்புட்டுத்தானே. ஒருத்தருக்கும் தோணலியே. மகன் இன்சினீயருக்குப் படிச்சவன், அவனுக்குத் தோணல. மரியபுஷ்பம் அக்கா வந்து வந்து பாத்துட்டுப் போனா, அவளுக்கும் தோணல. சாமி ரூம்னா அது பூமியிலயே முளைச்ச மாதிரி எல்லாருக்கும். நானாவது கும்பிடுதவ. இவுக என்னைக்கு அதுக்குள்ள நுழைஞ்சிருக்காக? விபூதி பூசுதேன்னா நெத்திய நீட்டுவாக, கண்ணு பேப்பர்ல இருக்கும். கோயிலுக்கு வாங்கன்னா வாசல்ல செருப்புக்குக் காவல் இருப்பாக. அந்த மனுசனுக்குத் திடீர்னு என்ன சாமி. விழுந்து கெடந்தா பக்தி வரும் போலன்னு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கிட்டேன், அதுல ஒரு சந்தோசம் வேற. அடிவயித்துல சுருக்சுருக்குன்னு இழுக்கு. அருள்தாஸ் சைக்கிள்ல பையை மாட்டுத சத்தம் கேக்கு. எந்திரிச்சு, சுவத்தப் பிடிச்சு மெள்ள நடந்து வாசலுக்குப் போய், ஏன்டே, சாமிய மாத்தி வச்சிருக்கலாம்லாடேன்னு கேட்டேன். அவன் என்னைய ஒரு மாதிரி பாத்தான். பெறவு தலையில கைய வச்சுக்கிட்டான். தோணலக்கா, உங்க சாமி விசயம், நான் பைப்பை எங்க கொண்டு போவன்னுதான் யோசிச்சேன். இப்பம் இடிச்சு இறக்க முடியுமாடே? இறக்கலாம், ஒரு மாசம் பிடிக்கும், வீட்டுக்குள்ள தரைய உடைக்கணும். ஒரு மாசம். படிக்கு மேல சரிவாப் போட்டா? சரிவு எதிர்ச்சுவத்துல போய் முட்டும்க்கா, எடம் இல்ல.  அவன் பையை இன்னொருக்க இறுக்கிக் கட்டிட்டு, எனக்கு ஆறுதல் சொல்லணும்னு நினைச்சானோ என்னமோ, ஆனா ஒண்ணுக்கா, வேலை கெட்டியா அமைஞ்சு போச்சு, நேரா உள்ள போட்டிருந்தா நாளைக்கு ஒரு அடைப்புன்னா தரையத்தான் உடைக்கணும், இது முடுக்குலயே குழாய்க்கு மூடி வச்சிருக்கேன், எவனையாவது கூப்பிட்டு வெளியில நின்னே கம்பி விட்டுக் குத்தச் சொல்லலாம், வீட்டுக்குள்ள ஒருத்தனையும் விட வேண்டாம், உங்க காலத்துக்கும் தொந்தரவு இருக்காதுன்னான். என் காலத்துக்கும். சரி போயிட்டு வாடேன்னு அனுப்பிட்டேன்.

கஞ்சிய எடுத்துக்கிட்டு போய்க் கட்டில் பக்கம் உக்காந்தேன். உக்காரும்போது முகத்தைச் சுளிச்சிருப்பேன் போல. சுவத்துப் பக்கம் இருந்து திரும்பி என் மூஞ்சியப் பாத்தாக, பெறவு என் வயித்தைப் பாத்தாக. நல்ல கைய நீட்டிப் புதுக் கதவைக் காட்டி, போன்னாக. போவலன்னேன். போ. உங்களுக்கு இல்லாதது எனக்கு எதுக்குன்னேன். போ. மூணாந்தடவை சொல்லும்போது கோவம் வந்துட்டு அவுகளுக்கு, பழைய கோவம், பிட்டர் கோவம், அதைப் பாத்து எத்தனை மாசம் ஆச்சு. கிண்ணத்தை வச்சிட்டுப் போனேன். படி மூணும் வழுக்கல. கதவைச் சாத்திட்டு உக்காந்ததும் அழுகை ஒரு பக்கம், அது ஒரு பக்கம், ரெண்டும் சேந்து போச்சு. சுகமா இருந்துது, அந்தச் சுகத்தை நினைச்சா இன்னும் அழுகையா வருது. கைப்பிடி ஜில்லுன்னு இருக்கு, ஒரு ஆளும் தொடாத கைப்பிடி. பொத்தானை அமுக்குனேன். தண்ணி இறங்குச்சு, சுவத்துக்கு அந்தாண்ட போச்சு, முடுக்கு வழியா, சாமி ரூமைச் சுத்திக்கிட்டு, ஒரு தடங்கல் இல்லாம கடைசி வரைக்கும் போற சத்தம் எனக்கே கேக்கு. வெளிய வந்தா அவுக கண்ண மூடிக்கிட்டு அதையேதான் கேட்டுக்கிட்டுக் கெடக்காக. ரோட்டுல காதை வச்சுக் கசிவு எங்கன்னு கேப்பாகளே, அந்த மூஞ்சி. குழாய்ல போற சத்தம் முழுக்க அடங்குன பெறவு கண்ணத் திறந்து, போச்சான்னாக. போச்சுன்னேன்.

பக்கத்துல உக்காந்தேன். சாமிய எடுத்து ஹால்ல வச்சிருக்கலாமேங்க, உங்களுக்குக் கூடவா தோணல, இத்தனை வருசம் குழாய் போட்டவுகளுக்கு, நீளம் கூடுனா தரை எழும்பும்னு தெரியாதான்னு கேட்டேன். குத்தம் சொல்லுத மாதிரி கேக்கல, சும்மாதான் கேட்டேன்.  அவுகளுக்கு வாய் கோணிக்கிட்டு, தொண்டை ஏறி இறங்கி, எங்கயோ அடியில இருந்து இழுத்துக்கிட்டு வாராக, அதைப் பாக்க முடியாம நான் கஞ்சியப் பாத்துக்கிட்டு இருந்தேன். முடுக்குல மூடின்னாக. மூச்சு வாங்குச்சு. ஆளு உள்ள வர வேண்டாம். மறுபடியும் மூச்சு. நீ தனியா. அதுக்கு மேல வரல, கைய எடுத்து என் முழங்கால்ல வச்சு ரெண்டு தடவை தட்டுனாக, வேலை முடிஞ்சா புதுக் குழாயத் தட்டுவாகளே அப்படி. பெறவு சொன்னாக. உனக்கு ஆவும்.

எல்லாம் தெரிஞ்சிருக்கு. தரை எழும்பும்னு தெரிஞ்சிருக்கு, மூணு படி வரும்னு தெரிஞ்சிருக்கு, இன்னைக்குக் காலையில புது வேட்டி கட்டி நான் கூட்டிட்டுப் போகும்போதே தெரிஞ்சுதான் வந்திருக்காக. தனக்குப் பெறவு நான் தனியாக் கெடப்பேன்னுதான் இம்புட்டும், இதை எனக்கு வெளக்கிச் சொல்ல வாய் இல்ல, சொன்னா நான் கேக்க மாட்டேன்னும் தெரியும், அதனால நான் மறு பேச்சு பேசாத ஒண்ணைத் தேடி எடுத்து, எத்தனை நாளா மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பாத்தாகளோ, சாமியச் சொல்லிட்டாக. நான் அவுகளுக்குக் கட்டிக்கிட்டு இருந்தேன், அவுக எனக்குக் கட்டிக்கிட்டு இருந்திருக்காக, ஒரே கக்கூஸை. ஒரு கரண்டி எடுத்து வாய்கிட்ட கொண்டு போனேன். உதட்டை இறுக்கிக்கிட்டாக. கோவமா இல்ல, ரொம்ப மரியாதையா, பந்தியில போதும்னு கை மறிக்கிற மாதிரி. எனக்கு ஆத்திரம் வந்துது, வாய்க்கு வந்ததைச் சொல்லி ஏசணும்னு வந்துது, ஏசல. கரண்டியத் திரும்பக் கிண்ணத்துல போட்டுட்டு, நீங்க குடிக்காட்டா இன்னையில இருந்து நானும் குடிக்க மாட்டேன், ரெண்டு பேரும் போயிட்டா அது ஆருக்குங்க ஆவும், சொல்லுங்கன்னேன். என்னையவே பாத்தாக. இதை அவுக கணக்குல வச்சிருக்கல, கண்ணுல தெரிஞ்சுது. உதடு திறக்கல. நானும் எந்திரிக்கல. ரெண்டு பேருக்கும் நடுவுல கிண்ணத்துல கஞ்சி ஆடை கட்டிக்கிட்டு இருந்துது. கக்கூஸுக்குள்ள பிளஷ் தொட்டி நிறைஞ்சு, தண்ணி விழுத சத்தம் நின்னுது.